அடைமழையில் மாரத்தான் பயிற்சியா? தெரியுமா இதெல்லாம்!

மாரத்தான் என்ற பந்தயத்தையே உலகத்துக்கு யோசித்துக் கொடுத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், தெரியுமா? அவர் ஓட்டக்காரரும் இல்லை, மொழியியல் பேராசிரியர்! பெயர் மிஷெல் பிரெயால். 1896ல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடக்கவிருந்த நேரம். மாரத்தான் ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை ஒரு நெடுந்தூர ஓட்டம் வையுங்கள், ஜெயிக்கிறவருக்கு என் செலவில் வெள்ளிக் கோப்பை தருகிறேன் என்று, நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபெர்த்தேனிடம் சொன்னவர் அவர்தான். பண்டைய கிரேக்க ஒலிம்பிக்கில் அப்படி ஒரு பந்தயமே கிடையாது! ஏதென்ஸில் தண்ணீர் சுமந்து விற்ற ஸ்பிரிடான் லூயிஸ் அந்தக் கோப்பையை ஜெயித்தார். ஒரு சாண் உயரம்கூட இல்லாத அதே கோப்பை 2012ல் லண்டன் ஏலத்தில் 5,41,250 பவுண்டுக்குப் போனது. புதுச்சேரியில் துய்மா வீதியிலும் சுஃப்ரேன் வீதியிலும் விடியற்காலையில் ஷூ கட்டிக்கொண்டு கிளம்புகிற நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டாமா?

சரி, ஊருக்குள் வருவோம். புதுச்சேரியில் முதன்முதலாக முழு மாரத்தானுக்குத் தயாராகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மனத்தில் இருப்பது ஆரோவில் மாரத்தானாகத்தான் இருக்கும். 2008ல் தொடங்கியது. பிப்ரவரியில் நடக்கும். செம்மண் தடத்தில், மரங்களுக்கு நடுவே ஓட்டம். ஜெயித்தவர் என்று யாரையும் மேடை ஏற்றுவதில்லை, பரிசுப் பணமும் இல்லை. ஓடுகிற சந்தோஷத்துக்காக மட்டுமே ஓட்டம்!

இப்போது நாள்காட்டியைப் புரட்டுங்கள். மாரத்தானுக்கு நிதானமாகத் தயாராக நான்கு மாதமாவது வேண்டும். பிப்ரவரியிலிருந்து நான்கு மாதம் பின்னால் போனால் எங்கே வந்து நிற்கிறோம்? ஐப்பசியில்! ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை. புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். ஞாயிறுதோறும் 18, 22, 26, 30 கிலோமீட்டர் என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டிய நாள்களும் அவைதான். அதாவது, வங்கக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்த ஓட்டக்காரர் மழையில் நனையாமல் மாரத்தான் பயிற்சியை முடிக்கவே முடியாது. இதைக் கெட்ட நேரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதிர்ஷ்டம் என்றே நான் சொல்வேன். ஏன் தெரியுமா?

நெடுந்தூர ஓட்டக்காரரின் பெரிய எதிரி தூரம் இல்லை, சூடு! பாரிஸில் உள்ள விளையாட்டு ஆய்வாளர்கள் பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் என ஆறு பெரிய மாரத்தான்களின் பத்து ஆண்டு முடிவுகளை, ஏறத்தாழ 18 லட்சம் பேரின் ஓட்ட நேரங்களை, அலசிப் பார்த்தார்கள். வேகத்தைத் தீர்மானிப்பதில் வானிலைக் காரணிகளிலேயே முதலிடம் வெப்பநிலைக்குத்தான். எல்லா நிலை ஓட்டக்காரர்களுக்கும் உகந்தது 10 டிகிரிக்கும் கீழே! புதுச்சேரியில் தை மாத விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு. போதாததற்குக் கடற்காற்றின் ஈரம் வேறு. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நம் கடற்கரையில் அது ஆவியாகாமல் முழங்கையில் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டி விழுகிற வியர்வையால் உடம்புக்குக் குளிர்ச்சி கிடைப்பதில்லை. அந்த நேரத்தில் மழை வந்தால்? வியர்வை செய்ய முடியாத வேலையை மழைத்துளி செய்கிறது! தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தோலில் பட்ட துளி சூட்டை வாங்கிக்கொண்டு வழிந்து ஓடிவிடும். வெயிலில் 8 கிலோமீட்டரிலேயே தள்ளாடுகிறவர் மழையில் 12 ஓடிவிட்டு இன்னும் ஓடலாம் போலிருக்கிறதே என்று நிற்பது இதனால்தான்.

இந்தப் பயிற்சி மாதங்களுக்கு நடுவேதான் நல்ல காரியங்களுக்கான நிதி ஓட்டங்களும் வரும். 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர். புற்றுநோய் விழிப்புணர்வுக்கு, கண் சிகிச்சைக்கு, யாரோ ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்கு என்று. மாரத்தான் பயிற்சியில் இருப்பவருக்கு அந்த வாரத்து வேக ஓட்டம் அதிலேயே முடிந்துவிடும், கட்டிய பணம் ஒருவருக்கு மருந்தாகப் போய்ச் சேரும். புதுச்சேரியில் இதற்கு வாய்த்த இடம் கடற்கரைச் சாலை. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை, தெரியுமா? ஒரு நகரம் தன் மிக அழகான சாலையை நாள்தோறும் பதின்மூன்றரை மணி நேரம் நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறது! செஞ்சியிலிருந்து வந்த கல்தூண்களுக்கு நடுவே நிற்கும் காந்தி சிலை, 1836ல் முதன்முதலாக விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவிடம் என்று ஒரே மூச்சில் கடந்துவிடலாம்.

அங்கே மழையில் நடந்த ஒரு நிதி ஓட்டத்தின் காலை இன்னும் எனக்குக் கண்ணுக்குள் இருக்கிறது. பதிவு மேசைமேல் நீலத் தார்ப்பாய். தார்ப்பாயின் நடுவே தண்ணீர் தேங்கித் தேங்கிக் கனக்க, ஒரு பையன் துடைப்பக் கட்டையால் அதை அடியிலிருந்து முட்டி முட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். காகிதத்தில் அச்சடித்த மார்பு எண்கள் ஊறிப்போய் ஊசி குத்திய இடத்தில் கிழிந்தன. ஒரு பெண் யோசிக்கவே இல்லை. அழியாத மை மார்க்கரை எடுத்தார், வரிசையில் நின்ற ஒவ்வொருவரின் முன்கையையும் துண்டால் துடைத்தார், எண்ணை அதிலேயே எழுதிவிட்டார்! தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நின்ற ஒரு கல்லூரி மாணவர், தலை நரைத்த ஒருவர் முழுக்க நனைந்து வருவதைப் பார்த்துப் பதறி, "ஐயா, குடை வேணுங்களா?" என்றார்.

"குடையப் புடிச்சிக்கினு எப்படிப்பா ஓடுறது? தண்ணி குடு, போதும்."

"மழையிலயும் தண்ணியா ஐயா?"

"மேல ஊத்துறது வேற, உள்ள போறது வேற தம்பி."

எவ்வளவு சரியான பேச்சு! மழையில் தாகம் தெரியாது. வியர்ப்பதும் தெரியாது. ஆனால் உடம்பு உள்ளே நீரை இழந்துகொண்டேதான் இருக்கும். அனுபவசாலிகள் மழையிலும் கடிகாரம் பார்த்துத் தண்ணீர் குடிப்பது அதற்காகத்தான்.

இன்னொன்று. மழையில் ஓடினால் அதிகம் நனைவோமா, நடந்தாலா? பள்ளிப் பிள்ளைகள் சண்டை போடும் கேள்வி! கணக்கு எளிது. போகவேண்டிய தூரம் ஒன்றுதான் என்றால், முன்பக்கத்தில் நாம் மோதிக்கொள்ளும் மழையின் அளவு எந்த வேகத்தில் போனாலும் ஒன்றேதான். ஆனால் தலையிலும் தோளிலும் விழுவது, மழையில் எத்தனை நேரம் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆக, காற்றில்லாமல் நேராகப் பெய்யும் மழையில் வேகமாக ஓடுகிறவர் குறைவாக நனைவார்! இரண்டரை மணி நேரத்தில் மாரத்தானை முடிப்பவரைவிட ஐந்து மணி நேரம் ஓடுபவரின் தலையில் இரண்டு மடங்கு மழை. அந்தத் துளியின் கதை இன்னும் வியப்பு. படத்தில் வரைவதுபோல அது கண்ணீர்த்துளி வடிவத்தில் இல்லவே இல்லை; பெரிய துளி, அடி தட்டையான பன் ரொட்டி மாதிரி விழுகிறது. காற்றின் தடை மட்டும் இல்லாவிட்டால் இரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் நம் உச்சந்தலையில் இறங்கும்! காற்று தடுத்துத் தடுத்து அதை மணிக்கு 30 கிலோமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்து விடுகிறது.

ஓடி முடித்ததும் விரல் நுனிகளைப் பாருங்கள், சுருங்கிப்போயிருக்கும். தோல் தண்ணீரை உறிஞ்சி ஊறிவிட்டது என்றுதானே நினைத்தோம்? இல்லை! அது நரம்புகள் செய்கிற வேலை. விரல் நரம்பு துண்டிக்கப்பட்டவர்களுக்கு எவ்வளவு நேரம் ஊறினாலும் சுருக்கம் வராது. 2013ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு சோதனை செய்தார்கள். சுருங்கிய விரல்களோடு இருந்தவர்கள் ஈரமான கோலிக்குண்டுகளைச் சீக்கிரமாக எடுத்து வைத்தார்கள். ஈரத்தில் பிடி நழுவாமலிருக்க உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஷூவையும் கவனிக்க வேண்டும். நனைந்த ஷூவில் 50 கிராம் தண்ணீர் தங்கிவிட்டது என்று வையுங்கள். மாரத்தான் முழுதும் சுமார் 40,000 எட்டு. பெருக்கிப் பாருங்கள், 2,000 கிலோ! இரண்டு டன்னைக் கூடுதலாகத் தூக்கி வைத்திருக்கிறோம்! வலை போன்ற மேல்துணி உள்ள ஷூவும் மெல்லிய செயற்கை இழைக் காலுறையும் மழைக்கு நல்லவை. பருத்திச் சட்டையும் பருத்திக் காலுறையும் கூடவே கூடாது. ஈரப் பருத்தி உப்புத்தாள்போலத் தோலைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். விரல் இடுக்கு, தொடை, அக்குள், ஆண்களுக்கு மார்புக் காம்பு ஆகிய இடங்களில் வாசலின் தடவாமல் மழையில் 20 கிலோமீட்டர் ஓடியவர் அன்று குளிக்கும்போது போடும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். வீடு திரும்பியதும் ஷூவின் உள்தட்டை உருவிவிட்டுப் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் தொப்பலாகிவிடும். மாற்றுங்கள். மூன்று முறை மாற்றினால் மறுநாள் காலைக்கு ஷூ தயார். வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைத்தால் பசை விட்டுப்போகும்.

ஆனால் எல்லா மழையும் ஓடுகிற மழை இல்லை. இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. ஆண்டு முழுவதும் பெய்யவேண்டிய மழையில் மூன்றில் ஒரு பங்கு, ஒரே நாளில்! அதற்கு முன் 2011 டிசம்பர் 30ல் 'தானே' புயல். 1916 கார்த்திகையில் அடித்த புயலை இங்கே குடியிருந்த பாரதியார் பாட்டாகவே எழுதிவைத்திருக்கிறார். மழைக்காலம் முடிந்துவிட்டதென்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2021ல் பிப்ரவரி 21 அன்று 19 செ.மீ. பெய்தது! இடி கேட்டால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், மரத்தடிக்கு இல்லை. தேங்கிய தண்ணீருக்கு அடியில் திறந்த சாக்கடையும் இருக்கலாம், அறுந்து விழுந்த மின்கம்பியும் இருக்கலாம். எலிக்காய்ச்சல் கிருமி வெள்ளநீரிலிருந்து காலில் உள்ள சின்னச் சிராய்ப்பு வழியாகவே உள்ளே போய்விடும். கணுக்கால் மூழ்கும் தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள். நிதி ஓட்டம் தள்ளிப்போனாலும் கட்டிய பணம் போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

மழை விட்டு ஆரோவில் பக்கம் போனால் அந்த மண்வாசனை! அது மண்ணின் வாசனையே இல்லை, தெரியுமா? மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அதில் பெரும்பங்கு. லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்! துளி விழும்போது மண்ணின் நுண்துளைகளில் சிக்கிய காற்று குமிழியாகி, மேலே வெடித்து, வாசனையைத் தெறிக்க விடுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2015ல் வெளியிட்டார்கள். இன்னொரு வியப்பு, நாம் ஓடும் அந்தக் காடே மழையைப் பிடித்து நிறுத்தியதால் வந்தது! 1968ல் ஆரோவில் தொடங்கியபோது அங்கே வெட்டவெளிச் செம்மண்தான். பெய்த மழை அத்தனையும் மேல்மண்ணை வாரிக்கொண்டு கடலுக்கு ஓடியது. குடியேற வந்தவர்கள் முதலில் வரப்புக் கட்டினார்கள், தண்ணீரை நிறுத்தினார்கள், பிறகு மரம் வைத்தார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள்! பிப்ரவரியில் மாரத்தான் ஓடுகிறவர் தலைக்குமேல் இருக்கும் நிழல் ஒவ்வொன்றும் ஐப்பசி மழையில் வளர்ந்தது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். நற்பணிக்கு நிதி திரட்டுவதில் உலகத்திலேயே பெரிய ஒருநாள் நிகழ்ச்சி எது தெரியுமா? லண்டன் மாரத்தான்! இதுவரை 100 கோடி பவுண்டுக்கும் மேல் திரட்டித் தந்திருக்கிறது. அதன் முதல் ஓட்டம் 1981 மார்ச் 29 அன்று. அன்று என்ன வானிலை? மழை! வழுக்கும் சாலையில் அமெரிக்காவின் டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேயின் இங்கெ சிமோன்சனும் கடைசிவரை விடாமல் போட்டி போட்டு ஓடினார்கள். எல்லைக்கோட்டருகே வந்ததும் கையைக் கோத்துக்கொண்டு ஒன்றாகத் தாண்டினார்கள். இரண்டு பேருக்கும் முதலிடம்!

2018 பாஸ்டன் மாரத்தான் இதற்கும் ஒரு படி மேல். 5 டிகிரியை ஒட்டிய குளிர், எதிர்க்காற்று, கொட்டும் மழை. பெரிய பெரிய வீரர்கள் விலகிக்கொண்டார்கள். தெசிரே லிண்டனும் விலகத்தான் நினைத்தார். எப்படியும் நான் நின்றுவிடுவேன், அதற்குள் ஏதாவது உதவி வேண்டுமானால் கேள் என்று சக வீராங்கனை ஷலேன் ஃப்ளானகனிடம் சொன்னார். ஃப்ளானகன் கழிப்பறைக்குப் போனபோது வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார், முன்னணிக் கூட்டத்தை மறுபடி பிடிக்க அவருக்குத் துணையாக ஓடினார். அப்படி ஓடியதில் தானே முன்னணிக்கு வந்துவிட்டார். ஜெயித்தும்விட்டார்! 1985க்குப் பிறகு பாஸ்டனில் வென்ற முதல் அமெரிக்கப் பெண். அன்று ஆண்களில் வென்ற யூகி கவாவுச்சி யார்? ஜப்பானில் முழுநேரம் அரசாங்க வேலை பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் பயிற்சி எடுத்தவர். வேலைக்குப் போகும் முன் இருட்டில் நனைந்து ஓடுகிற நம்மூர் ஆசிரியர்களும் செவிலியர்களும் இவரை மறக்கவே கூடாது.

இவர்கள் எல்லோரையும்விட என் நெஞ்சை அள்ளியவர் டெர்ரி ஃபாக்ஸ். கனடா நாட்டுப் பையன். எலும்புப் புற்றுநோயால் 18 வயதில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். 21 வயதில், செயற்கைக் காலோடு, கனடாவைக் குறுக்கே ஓடிக் கடக்கக் கிளம்பினார். நாளுக்கு ஒரு மாரத்தான் தூரம்! 1980 ஏப்ரல் 12ல் தொடங்கிய முதல் நாள்களிலேயே சூறைக்காற்று, பெருமழை, பனிப்பொழிவு. நிற்கவில்லை. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபிறகு புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்தது. கனடாவில் அன்று 2 கோடியே 40 லட்சம் மக்கள். ஆளுக்கு ஒரு டாலர் என்பதுதான் அவர் கேட்டது. அவர் கண்ணை மூடும் முன்பே அந்தத் தொகை சேர்ந்துவிட்டது! 1981 ஜூனில் காலமானார். அவர் பெயரால் ஆண்டுதோறும் பல நாடுகளில் ஓடுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் ஓடியிருக்கிறார்கள். அதே சென்னையில் ட்ரீம் ரன்னர்ஸ் அரை மாரத்தான் என்று ஒன்று நடக்கிறது. அந்த ஓட்டத்தின் நிதி எதற்குப் போகிறது தெரியுமா? காலிழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்த!

நம் மொழி பேசும் மண்ணில் இன்னொன்று நடந்தது. ஓட்டம் இல்லை, நடை. 2011 ஜூலையில் இலங்கையின் தெற்கு முனையான தேவேந்திர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாளில் 670 கிலோமீட்டர் நடந்தார்கள். ஜூலை அங்கே தென்மேற்கில் பருவமழைக் காலம், வடக்கிலோ கொளுத்தும் வெயில். போர் முடிந்து இரண்டே ஆண்டு. வழிநெடுகச் சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் சில கிலோமீட்டராவது சேர்ந்து நடந்தார்கள், கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துப் புற்றுநோயாளிகளுக்காகத் தெல்லிப்பளையில் ஒரு மருத்துவமனை எழுந்தது. ட்ரெயில் என்ற அந்த நடையின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. 2016ல் மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை பருத்தித்துறையிலிருந்து தெற்கே, காலியில் உள்ள கராப்பிட்டிய மருத்துவமனையின் புற்றுநோயாளிகளுக்காக!